முதலில் அவன் ரைஃபிளில்

அக்டோபர் 5, சனி

தமயந்தி இன்று காரைத் தெருவில் நிறுத்திவிட்டாள். கராஜ் இந்த வாரம் முழுக்க எனக்கு. புல்வெட்டும் மெஷினுக்கு எண்ணெய் மாற்றச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு என்றேன். மேஜை மேல் இரண்டு லிவர் ரைஃபிள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது எவனுக்கு புல்வெட்டும் மெஷின் கண்ணில் படும்?

ஒன்று என்னுடையது. மற்றது நல்லசிவத்துடையது. சான் அன்டோனியோவுக்கு வந்தும் காங்கேயத்துப் பேச்சை விடாத ஒரே ஆள் அவன்தான். பகலில் பரோட்டா வண்டி, ஞாயிறானால் என்னோடு ஹேங்க் என்பவர் நடத்தும் துப்பாக்கி கிளப். அங்கே எல்லோரும் அந்தக் காலத்து கௌபாய் மாட்டுக்காரன் வேஷம் போட வேண்டும், பட்டப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ‘பெருந்துறை கிட்’. அவன் ‘பரோட்டா பாப்’. இடுப்பில் ரிவால்வர், கையில் லிவர் ரைஃபிள். இரண்டுக்கும் ஒரே தோட்டா, அதுதான் இந்த விளையாட்டின் அழகு. டிரிகரைச் சுற்றியிருக்கும் லிவர் என்கிற கைப்பிடியைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே குதிக்கும், மேலே இழுத்தால் அடுத்தது உள்ளே போகும். யார் வேகமாக இரும்புத் தட்டுகளை அடிக்கிறானோ அவன் ஜெயித்தான்.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். என்னுடையது புதிது, கண்ணைப் பறிக்கும் விலை. அவனுடையது அடகுக்கடையில் எடுத்தது, கட்டையில் யாரோ பேர் செதுக்கியிருக்கிறான். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் தொங்கு தராசை லிவரில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். அவனுடையது லேசாக வருகிறது. என்னுடையது முரண்டு பிடிக்கிறது. மூன்று தடவை இழுத்தேன். தராசு மாறவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்துக்காகத் தொழிற்சாலையில் தினமும் சண்டை போடுகிறவன் நான். அடகுக்கடைச் சரக்கு என்னுடையதைவிட நன்றாக ஓடினால் எனக்கு எரியாதா?

“மச்சா, சும்மா கொஞ்சம் வழவழன்னு ஆக்கிக் குடு, போதும்” என்று சொல்லித்தான் விட்டுவிட்டுப் போனான்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் இரண்டையும் பிரித்தேன். உராயும் இடங்களை எண்ணெய்க்கல்லில் தேய்த்தேன். தமயந்தி காபி கொண்டுவந்து வைத்தது ஆறிப்போய் ஏடு கட்டியது. மதியத்துக்குள் இரண்டுமே வெண்ணெயாகிவிட்டன.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

இந்த மாடலில் ஒரு குட்டித் தடுப்பு உண்டு. லிவர் முழுக்க மூடாத வரை டிரிகரை இழுக்க விடாது. மூடும் முன் வெடித்தால் தோட்டா பின்பக்கமாகக் கிழியும். அதைத் தாங்கும் ஸ்பிரிங்தான் கடைசியில் கையை உறுத்துகிறது. அதையும் எடுத்துவிட்டால் லிவர் இருக்கிற இடமே தெரியாது என்று கிளப்பில் பேசிக்கொள்கிறார்கள். ஹேங்குக்குத் தெரிந்தால் தலையைச் சீவிவிடுவார். நிறையப் பேர் செய்கிறார்கள், சொல்லிக்கொள்வதில்லை.

முதலில் நல்லசிவத்துடையதில் செய்து பார்த்தேன். சரியாக ஓடினால் அப்புறம் என்னுடையதிலும் செய்துகொள்ளலாம். எடுத்த ஸ்பிரிங்கை ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்தேன். நான் எதையும் தூக்கி எறிகிறவனில்லை.

அக்டோபர் 9, புதன்

தொழிற்சாலையில் வந்த பாகங்களில் ஒரு லாட் முழுவதையும் திருப்பி அனுப்பினேன். துளை ஒரு மயிரிழை பெரிது. மேனேஜர் முனகினார். “இதை மாட்டினால் யாராவது ஒருவன் கை போகும்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன்.

அக்டோபர் 12, சனி

ரைஃபிளைக் கொடுக்க நல்லசிவம் வீட்டுக்குப் போனோம். தமயந்தி தூக்குப்போசியில் அரிசிம்பருப்பு சாதம் எடுத்துக்கொண்டாள்.

சமையல்கட்டு மேஜையில் இருந்த மெஷினில் அவன் மனைவி வசந்தாமணி தோட்டா அடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சுடுவது அவன், தோட்டா அடைப்பது அவள். கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று ஆரம்பித்தது, இப்போது அவளுக்கு அதிலேயே ஒரு ருசி. ஒவ்வொரு தோட்டாக் கூட்டிலும் வெடிமருந்தைப் போட்டதும் அளவு சரிதானா என்று டார்ச் அடித்து உள்ளே பார்ப்பாள். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. போன் அடித்தாலும் எடுக்க மாட்டாள். வரிசையை முடித்துவிட்டுத்தான் “வாங்ணா” என்றாள்.

நல்லசிவம் லிவரை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சின்னப் பையன் போலக் குதித்தான். “மணீ, இங்க பாரு. மச்சான் கையில என்னமோ இருக்குது!” எனக்குக் காது குளிர்ந்தது. என்னென்ன செய்தேன் என்று விலாவாரியாகச் சொன்னேன். ஸ்பிரிங் விஷயம் பேச்சுவாக்கில் விட்டுப்போயிற்று.

கிளம்பும்போது மணி போசியைக் கழுவி, அதில் எலுமிச்சம்பழம் போட்டுக் கொடுத்தாள். அவள் போசியை வெறுமனே திருப்பித் தந்ததே இல்லை. ஒருமுறை வீட்டில் ஒன்றுமில்லையென்று ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். ‘வெறும் போசி குடுத்தா உறவு அத்துப்போகும்ணா’ என்பாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

நல்லசிவம் போன் செய்தான். தினமும் வண்டியை மூடிவிட்டு வந்து தோட்டா போடாமல் வெறும் ரைஃபிளில் பழகுகிறானாம். “மச்சா, லிவர் முழுசா மூடறதுக்கு முன்னாலயே டப்புன்னு அடிக்குதுடா. என்ன வேகம்!”

நன்றாகப் பழகு என்றேன். வேறென்ன சொல்ல.

அக்டோபர் 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போட்டியில் நல்லசிவம் எனக்கு அடுத்து நின்றான். முதல் நாலைந்து தட்டு படபடவென்று விழுந்தது, கூட்டம் கை தட்டியது. அடுத்த சத்தம் வேறு மாதிரி கேட்டது. ரைஃபிளின் மேல் பக்கம் புகை கக்கியது. லிவர் அவன் விரல்களோடு சேர்ந்து கீழே அடித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். கத்தக்கூட இல்லை. “மணி, மணி” என்று மட்டும் சொன்னான்.

வலது கையில் இரண்டு விரல் உடைந்திருக்கிறது. நடு விரலில் நரம்பும் அறுந்திருக்கலாம் என்றார்கள். கன்னத்தில் பித்தளைச் சில்லு. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

ஹேங்க் கிழிந்த தோட்டாக் கூட்டைப் பார்த்துவிட்டு, “மருந்து இரட்டையாக விழுந்திருக்கிறது, இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்” என்றார். யார் அடைத்தது என்று கேட்டார். ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்ற மணி, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ரைஃபிளை என் காரில் வைத்தார் ஹேங்க். “நீதானே இதில் வேலை செய்தாய். திறந்து பார்த்துச் சொல்” என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

திறந்து பார்த்தேன். மேல் தகடு லேசாக வளைந்திருக்கிறது, மற்றபடி உள்ளே பெரிய சேதமில்லை. துடைத்து எண்ணெய் விட்டு மூடினேன். எல்லாப் பாகமும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று ஹேங்குக்குச் செய்தி அனுப்பினேன். அது பொய்யில்லை. இப்போது இருக்கிறது.

ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். அதை நீ எதற்குக் கழுவுகிறாய் என்று தமயந்தி ஆச்சரியமாகக் கேட்டாள்.

அக்டோபர் 23, புதன்

புல்வெட்டும் மெஷினுக்கு எண்ணெய் மாற்றினேன்.

அக்டோபர் 26, சனி

நல்லசிவத்தைப் பார்க்கப் போனோம். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்தான். ஆபரேஷன் ஆகிவிட்டது. விரல் முன்போல மடங்குமா என்று மாதக்கணக்கில் பொறுத்துத்தான் சொல்ல முடியுமாம். “பரோட்டாவை எடது கையில வீசிப் பழகோணும் மச்சா, பூராவும் கூரைல ஒட்டிக்கும்” என்று சிரித்தான். அவன் சிரித்ததற்கு நானும் சிரித்தேன்.

மணி சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் போனேன். தோட்டா மெஷின் மேல் ஒரு பழைய துண்டு போர்த்தியிருந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை. மூன்று நாளாகக் கடைச் சாப்பாடுதானாம்.

“உப்புப் போட்டனா இல்லியான்னு கூட நெனப்பு வரமாட்டீங்குதுங்ணா” என்றாள். “போட்டுட்டு மறுக்காவும் போட்டுருவேன். என்ற கைய நானே நம்பமாட்டீங்கறேன். டார்ச் அடிச்சுப் பாத்தனே, ஒவ்வொண்ணும் பாத்தனே. எங்க விட்டேன்?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

“யாருக்கும் வர்றதுதான் அம்முணி. மனசுல வெச்சுக்காத. அவனும் தப்பா நெனைக்கல, நானும் நெனைக்கல.”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் தோளைத் தட்டிக் கொடுத்தேன். என் தப்புக்கு அவளை மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வழக்கமாக மணி வீட்டிலிருந்து முறுக்கு வரும். வரவில்லை. தமயந்திதான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பக்கத்துத் தெருவில் யாரோ பட்டாசு வெடித்ததும் மணி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். “பாவம், அவ இனி பழைய மாதிரி ஆகவே மாட்டா போல” என்றாள் தமயந்தி. நான் அதிரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

கிளப்புக்குப் போகவில்லை. தலைவலி என்று ஹேங்கிடம் சொன்னேன்.

நவம்பர் 9, சனி

மணியே வந்தாள். கையில் ஒரு பெட்டி. அன்று அடைத்ததில் மீந்த தோட்டாக்கள்.

“நீங்கதான் ஒரு மயிரிழை போனாலும் கண்டுபுடிப்பீங்களே. பிரிச்சு மருந்த நிறுத்துப் பாருங்ணா. எனக்குத் தெரிஞ்சாகோணும். தெரியாமத்தான் செத்துட்டு இருக்கறேன்.”

மதியம் முழுக்க அதுவே வேலை. குண்டை உருவி, மருந்தைக் கொட்டி, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த தராசில் நிறுத்தேன். எல்லாம் சரி. ஒன்றில்கூட ஒரு பொட்டு கூடுதல் இல்லை. எங்கள் மெஷின்கள்கூட இப்படி ஒரே மாதிரி போடாது.

சாயங்காலம் போன் செய்து அவளிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

தொழிற்சாலையில் இன்னொரு லாட் வந்தது. அதே குறை. சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திரும்ப ஓடிப்போய் அந்தத் தாளை வாங்கிக் கிழித்தேன். உடம்பு சரியில்லையா என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

மணி தோட்டா மெஷினை விற்கப் போகிறாளாம். தமயந்தி சொன்னாள். வாங்க ஆள் பார்த்துத் தர வேண்டுமாம், என்னிடம் கேட்கச் சொன்னாளாம்.

நவம்பர் 28, வியாழன்

அமெரிக்காவே வான்கோழி தின்கிற நாள். நாங்கள் நல்லசிவம் வீட்டில் கறிக்குழம்பு. தமயந்திதான் சமைத்தாள், மணி வெங்காயம் மட்டும் உரித்தாள்.

அவனுடைய ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனேன். என்னுடையதையும் எடுத்துப் போனேன். எதற்கு என்று தமயந்தி கேட்டாள். அவனுக்குப் பொழுது போகட்டும் என்றேன். இப்போது யோசித்தால் சரியான காரணம் ஒன்றும் பிடிபடவில்லை.

கட்டு அவிழ்த்துவிட்டார்கள். நடு விரல் நீட்டிய மாதிரியே நிற்கிறது. முன் அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவன் முதலில் என்னுடையதை வாங்கி, காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடது கையால் லிவரை ஆட்டினான். பழகிய வேகத்தில் முழுக்க மூடும் முன்பே டிரிகரை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. ஒன்றும் நடக்கவில்லை. முழுக்க மூடியதும்தான் டப்பென்றது.

“உன்றதுல அடிக்க மாட்டீங்குது” என்றான்.

அவன் தன்னுடையதை எடுத்தான். வளைந்த தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அதே மாதிரி செய்தான். அதுவும் அடிக்கவில்லை. இன்னொரு தடவை, மெதுவாக. அடிக்கவில்லை.

“இது முன்னால அடிச்சுதே மச்சா. போன் பண்ணிச் சொன்னனே உன்னட்ட.”

குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. உள்ளே தமயந்தி ஏதோ சொல்ல மணி ம் கொட்டுவது கேட்டது. நல்லசிவம் இரண்டு ரைஃபிளையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அன்று என் மேஜையில் கிடந்த மாதிரியே.

“எடுத்துட்டு, அப்பறம் திருப்பி மாட்டீட்டயா?”

தலையாட்டினேன்.

“உன்றதுல ஏன் எடுக்கல?”

இதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம். முதலில் அவன் ரைஃபிளில், சரியாக ஓடினால் அப்புறம் என்னுடையதில். நானேதான் எழுதி வைத்திருக்கிறேன்.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நீட்டி நிற்கிற விரலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்:

“என்ற வெரலு கெடக்குது உடு. ஒரு மாசமா அவ தூங்கல. பாதி ராத்திரில எந்திரிச்சு டார்ச் எடுத்துட்டுப் போயி வெறும் மேசையப் பாத்துட்டு நிக்கறா. நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லோணும். நீயே உன்ற வாயால சொல்லு.”

சாப்பிட உட்கார்ந்தோம். மணி எனக்கு இரண்டு தடவை குழம்பு ஊற்றினாள்.

நவம்பர் 30, சனி

நேற்று முழுக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். இன்று காலை தமயந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்துபோய்ப் போசியில் அரிசிம்பருப்பு சாதத்தைப் போட்டு என் கையில் கொடுத்தாள். “வெறுங்கையோட போகாதீங்க” என்றாள். கூட வரவில்லை.

மணி சமையல்கட்டில் இருந்தாள். நல்லசிவம் கதவருகே நின்றுகொண்டான். நின்றபடியே சொன்னேன். தடுப்பு, ஸ்பிரிங், பாட்டில், திருப்பி மாட்டியது. தோட்டாவில் குறையே இல்லை, உன் கையில் ஒரு தப்பும் இல்லை அம்முணி, தப்பெல்லாம் என்னுடையது என்றேன்.

அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்ப நான் இல்லியா?” என்று அவனைப் பார்த்துக் கேட்டாள். என்னைப் பார்த்து இல்லை. அவன் தலையாட்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது அழுகையா, மூச்சு வாங்கினாளா தெரியவில்லை. எனக்கு ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிக்கும் இப்போது வெட்கப்படுகிறேன்.

அப்புறம் நிமிர்ந்தாள்.

“பிரிச்சு நிறுத்துட்டு, ரெண்டுல மருந்து கூடுதலா இருந்துச்சுன்னு சொன்னீங்களேங்ணா. போன்ல சொன்னீங்களே.”

நல்லசிவத்துக்கு அது தெரியாது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். நவம்பர் 9ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். ‘அவளிடம் சொல்லிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறது. என்ன சொன்னேன் என்று இதில்கூட எழுதவில்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று இங்கேயும் மறைத்தேனோ தெரியவில்லை.

“அன்னிக்கு ‘மனசுல வெச்சுக்காத’ன்னு தோளத் தட்டிக் குடுத்தீங்களே. அதுகூட மறந்துரலாமுங்ணா. பயத்துல சொல்லியிருப்பீங்க. ஆனா நிறுத்துப் பாத்து, என்ற கை சுத்தம்னு தெரிஞ்சதுக்கு அப்பறமும்...”

நான் அவள் காலடியில் உட்காரப் போனேன். “வேண்டாங்” என்றான் நல்லசிவம். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் வெளியாளுக்குப் போடும் மரியாதை ‘ங்’ போட்டுப் பேசியதில்லை. போசியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஹேங்கைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கிளப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார். மணிக்கு அவரே போன் செய்து மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். அவர் செய்தது ஒரு தவறான யூகம் மட்டும்தான்.

டிசம்பர் 4, புதன்

மணி மெஷினை விற்கவில்லையாம். மேலே போர்த்தியிருந்த துண்டை எடுத்துவிட்டாளாம். வீட்டில் அடுப்பும் எரிகிறதாம். யாரோ சொல்லித் தமயந்தி காதுக்கு வந்தது. சந்தோஷமாக இருக்கிறது. அதைப் போய் அவளிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

டிசம்பர் 7, சனி

காலையில் பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்தால் வாசலில் போசி இருந்தது. பளபளவென்று துலக்கி, மூடி இறுக்கி வைத்திருந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை.

கையில் தூக்கியதுமே தெரிந்தது. ஆனாலும் திறந்து பார்த்தேன். கையை உள்ளே விட்டு அடியைத் தடவியும் பார்த்தேன். ஒரு பொட்டுச் சர்க்கரைகூட இல்லை.

“அவசரத்துல மறந்திருப்பா” என்றாள் தமயந்தி.

மணி எதையும் மறக்கிறவள் இல்லை என்று சொல்லிவிட்டு, போசியை அலமாரியில் வைத்தேன்.